பெட்டி என்ற பெயரை நம்பாதீர்கள்

“மெமரி லிமிட் போடாதீங்கண்ணே, ஸ்லோவாயிடும். கண்டெய்னர்தானே, அது பாட்டுக்குப் பெட்டிக்குள்ள கிடக்கும்.” இந்த மாதம் மட்டும் மூன்று தம்பிகள் இதைச் சொல்லிவிட்டார்கள். நான்காவது ஆளிடம் கத்திவிடுவேன் என்பதால் எழுதிவிடுகிறேன்.

பட்டர்வொர்த் பெர்ரியில் போகும்போது துறைமுகத்தின் இரும்புப் பெட்டிகளைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இந்த மயக்கம் வரும்தான். இருபது அடிப் பெட்டியில் எவ்வளவு திணித்தாலும் அது இருபது அடிதான். லினக்ஸ் கண்டெய்னர் அப்படியில்லை. மற்றவற்றோடு ஒரே கெர்னலில் ஓடும் சாதாரணப் புரோசஸ் அது. பார்வைக்குத் திரை உண்டு. மெமரிக்குச் சுவர் நீங்கள் எழுப்பினால்தான் உண்டு. டாக்கரில் வரம்பு சொல்லாமல் ஓட்டினால் சர்வர் மெமரி முழுவதையும்கூட அது எடுத்துக்கொள்ள முடியும். புரோசஸ்களுக்கு இப்படி வரம்பு போடும் கெர்னல் வசதியைக் கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கியபோது ‘புரோசஸ் கண்டெய்னர்’ என்றுதான் பெயர் வைத்தார்கள். குழப்புகிறது என்று ‘கண்ட்ரோல் குரூப்’ ஆக்கினார்கள்; 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் அது சேர்ந்தது. செய்தவர்களே கைவிட்ட பெயரை நம்பி நாம் சர்வர் நடத்துகிறோம்.

சரக்கு முகவர் அலுவலகம் ஒன்றில் பார்த்தேன். 16 ஜிபி சர்வர். அறிக்கை தயாரிக்கும் கண்டெய்னர் மெமரியைத் தின்றுகொண்டே போனது, செத்ததோ டேட்டாபேஸ். மெமரி தீர்ந்தால் அதிகம் வைத்திருக்கும் புரோசஸைத்தான் கெர்னல் பெரும்பாலும் பலியிடும். குற்றவாளி யாரென்று விசாரிக்காது. எக்சிட் கோடு 137 என்று திரையிலேயே இருந்தது: 128உடன் 9, அதாவது கில் சிக்னல். யாரும் படிக்கவில்லை, தினமும் ரீஸ்டார்ட்தான். அறிக்கைக் கண்டெய்னருக்கு 2 ஜிபி வரம்பு வைத்த பிறகு, நிரம்பினால் அது மட்டும் விழுந்தது.

வேகம்? வரம்புக்குள் தாராளமாக இடம் இருக்கும்வரை குறையாது. ஃபைல் கேஷும் அந்தக் கணக்கில்தான் வரும் என்பதால், ரொம்ப இறுக்கினால் டிஸ்க் வேலை கூடும். ஒரு வாரம் ‘டாக்கர் ஸ்டாட்ஸ்’ பாருங்கள், உச்சத்துக்கு மேல் கொஞ்சம் விட்டு வையுங்கள்.

சிபியு வரம்பில் மட்டும் தம்பிகளின் பயம் நியாயம். அரை கோர் என்றால் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் 50 கிடைக்கும். நான்கு திரெட் சேர்ந்து ஓடினால் 12.5இல் அது காலி, மிச்சம் 87.5 சும்மா நிற்கும். நெரிசலில் பங்கு பிரிக்கும் ‘சிபியு ஷேர்ஸ்’ பெரும்பாலும் போதும்.

இன்னும் இரண்டு மயக்கங்கள். கண்டெய்னருக்குள் ‘ஃப்ரீ’ கட்டளை காட்டுவது அதன் மெமரியா? இல்லை, முழு சர்வருடையது. சின்ன இமேஜ் வேகமாக ஓடுமா? வேகமாக இறங்கும், அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு எரிச்சல் லாக். டாக்கர் வழக்கமாக எழுதும் ஜேசன் லாக்குக்கு உச்சவரம்பே கிடையாது. போன வாரம் ஒரு சர்வரில் டிஸ்க்கில் பாதி ஒரே ஃபைல். திறந்தால் ஒரே எச்சரிக்கை வரி, திரும்பத் திரும்ப. ஃபைலுக்கு 10 எம்பி, மொத்தம் மூன்று ஃபைல் என்று டாக்கர் அமைப்பில் எழுதிவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே உள்ள கண்டெய்னர்களுக்கு அது ஒட்டாது. அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும். ரீஸ்டார்ட் போதாது, தம்பி.