காணாததும் இல்லாததும் ஒன்றா?



பங்கு இளைஞர் மன்றக் கூட்டமொன்றில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சுவாமி, ஸ்கொட்லாந்து ஏரியில் இருப்பதாகச் சொன்ன பெரிய பிராணியை இத்தனை கருவிகளோடு தேடியும் காணவில்லை. அதனால் அது இல்லையென்கிறோம். கடவுளையும் ஒருவரும் காணவில்லைத்தானே?"

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது நேர்மையான கேள்வி. அன்று அவனுக்குச் சொன்ன மறுமொழியை இங்கே சற்று விரித்துத் தருகிறேன்.

தேடலின் கதை

லொக் நெஸ் ஏறக்குறைய 37 கிலோமீற்றர் நீளமான நன்னீர் ஏரி. ஆழம் 220 மீற்றருக்கும் மேல். மக்கிய தாவரங்கள் கலந்த அதன் நீர் தேயிலைச் சாயம் போல் கறுத்திருக்கும். 1933ஆம் ஆண்டு மே மாதம் இன்வர்னஸ் கூரியர் என்னும் உள்ளூர்ப் பத்திரிகை, ஏரியில் ஏதோ ஒரு பெரும் பிராணி புரண்டதைக் கண்டதாக ஒரு செய்தி வெளியிட்டது. அடுத்த ஆண்டு, நீருக்கு மேல் நீண்ட கழுத்தோடு ஓர் உருவத்தைக் காட்டும் படம் டெயிலி மெயில் பத்திரிகையில் வந்தது. உலகம் அதை அறுபது ஆண்டுகள் பார்த்து வியந்தது. விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலொன்றின் மேல் செய்து பொருத்திய தலையே அது என்ற உண்மை 1994இல் வெளியாயிற்று.

தேடியவர்களோ சளைக்கவில்லை. 1962 முதல் 1972 வரை ஓர் ஆய்வுக் குழு கமராக்களோடு கரையில் காவலிருந்தது. 1987இல் இருபதுக்கு மேற்பட்ட படகுகள் வரிசையாகச் சென்று, ஒலியலைகளால் ஏரியைத் துழாவின. விளக்க முடியாத சில எதிரொலிகள் மட்டும் கிடைத்தன. 2003இல் பி.பி.சி. நிறுவனம் 600 ஒலிக்கற்றைகளைக் கொண்டு தேடுவித்தது, ஒன்றும் அகப்படவில்லை. 2018இல் நியூசிலாந்து விஞ்ஞானி நீல் ஜெம்மெல் குழுவினர் ஏரியில் 250 நீர் மாதிரிகளை எடுத்து, உயிரினங்கள் நீரில் விட்டுச் செல்லும் மரபணுத் துணுக்குகளை ஆராய்ந்தனர். ஊர்வன இனத்தின் தடயம் எதுவுமில்லை. விலாங்கு மீனின் தடயமோ ஏராளம்.

முதலாம் பாடம்: உண்மைக்கு அஞ்சவேண்டாம்

இந்தத் தேடல்கள் வீண் அல்ல. எல்லையுள்ள ஏரி; உடலுள்ள பிராணி; அதற்கு உணவு வேண்டும், குட்டி வேண்டும், செத்தால் எலும்பு வேண்டும். இத்தனை தேடியும் காணாவிட்டால், அது அங்கே இல்லையென்று எண்ணுவதே புத்தி. காண ஆசைப்பட்ட கண்ணுக்கு அலையும் கழுத்தாகத் தெரியும். இந்தப் பலவீனம் பக்தர்களாகிய நமக்கும் உண்டு. ஆகவேதான் புதுமை என்ற பேச்சு எழும்போது திருச்சபை அவசரப்படுவதில்லை. லூர்து நகரில் குணமடைந்ததாகப் பதியப்பட்டோர் ஏறக்குறைய ஏழாயிரம் பேர். திருச்சபை புதுமையென்று ஏற்றுக்கொண்டவையோ எழுபதுக்குச் சற்று மேல்.

இரண்டாம் பாடம்: தேடலுக்கும் எல்லை உண்டு

சீலகாந்த் என்ற மீன் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதென்று அறிஞர் நம்பியிருந்தனர். 1938இல் தென்னாபிரிக்கக் கடலில் ஒரு மீன்பிடிக் கப்பலின் வலையில் அது உயிரோடு வந்தது. அடுத்த மீனைத் தேடிப் பரிசு அறிவித்துத் துண்டுப்பிரசுரம் வழங்கினார்கள். 1952இல் கொமோரோ தீவுகளில் கிடைத்தது. அத்தீவு மீனவருக்கோ அது முன்பே பழகிய மீன்! அறிஞர் கேட்கும்வரை அவர்களை யாரும் கேட்கவில்லை. எந்தத் தேடலும் தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும்.

மூன்றாம் பாடம்: மறைபொருள் என்பது ஒளிந்திருக்கும் பொருளல்ல

ஏரியில் ஒரு பிராணி அகப்பட்டால் உலகத்துப் பிராணிகளின் கணக்கில் ஒன்று கூடும். கடவுள் அப்படிக் கணக்கில் கூடும் இன்னொரு பொருளல்லர். ஏரியும் மீனும் தேடுகிற மனிதனும் இருப்பதற்கே காரணர் அவர் என்பது நம் விசுவாசம். வலையில் அவர் அகப்படாதது வலையின் கண் பெரிதென்பதாலல்ல. இது கடவுள் உண்டென்பதற்கு அத்தாட்சியன்று. கேள்வியை அதற்குரிய இடத்தில் வைப்பது மட்டுமே. ஆனால் ஒன்று: "விஞ்ஞானிகளுக்கும் விளங்காதது உண்டு, ஆகவே கடவுள் உண்டு" என்று வாதாடாதீர்கள். நாளை அது விளங்கினால் உங்கள் கடவுள் எங்கே போவார்?

அயோனா மடாதிபதி அதொம்னான், ஏழாம் நூற்றாண்டின் இறுதியில், புனித கொலும்பா நெஸ் ஆற்றில் ஒரு நீர்விலங்கைச் சிலுவை அடையாளத்தால் துரத்தியதாக எழுதினார். ஏரிப் பிராணிக்குப் பழைய சாட்சி என்று இதைச் சிலர் காட்டுவர். எழுதியவரோ விலங்கியல் எழுதவில்லை. நீந்திச் சென்ற சகோதரன் காப்பாற்றப்பட்டதையும், காத்த ஆண்டவரையும் எழுதினார்.

அப்போஸ்தலர் தோமையாரை நினையுங்கள். அவர் தொட்டுப் பார்க்கக் கேட்டார். ஆண்டவர் காயங்களைக் காட்டினார். அவர் கண்டது காயப்பட்ட ஒரு மனிதரை, அறிக்கையிட்டதோ கடவுளை. கண்டதற்கும் விசுவசித்ததற்கும் உள்ள இந்த இடைவெளியை எந்தக் கருவியும் அளக்காது. நம்பிக்கையும் அன்புமே அதைக் கடக்கின்றன. தாயின் அன்பை நீங்கள் அறிந்ததும் பரிசோதனைச் சாலையிலல்ல, அவளோடு வாழ்ந்தல்லவா?

அந்த மாணவன் திருப்தியடைந்தானோ தெரியாது. அடுத்த கூட்டத்துக்கும் வந்தான், இன்னொரு கேள்வியோடு. அதுவே எனக்கு மகிழ்ச்சி.

சிந்தனைக்கு:

1. கேள்விப்பட்ட அதிசயமொன்றை விசாரியாமல் பிறருக்குச் சொன்னேனா?

2. பிள்ளைகள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்கும்போது வாயடைக்கிறேனா, செவிகொடுக்கிறேனா?

3. நான் கடவுளைத் தேடுவது அதிசயங்களிலா, காயப்பட்ட என் அயலானிலா?