ரோட்டிலேயே 'செட்டில்' பண்ணாதீர்கள்!

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர், சிமெண்ட் லாரி, டவுன் பஸ், நடுவில் பால் கேனோடு ஒரு டூ வீலர். இந்தப் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. பாடாலூர், சிறுவாச்சூர் எல்லாம் அதன் ஓரத்து ஊர்கள்தான். அடிபட்டவர் இல்லாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு.

சித்த மருத்துவனான என்னிடம் இவர்கள் வருவது மாவுக்கட்டுப் பிரித்த பிறகுதான். முழங்கால் மடங்கவில்லை, தோளைத் தூக்க முடியவில்லை, மழை வந்தால் குடைச்சல். தைலம், தொக்கணம், ஒற்றடம் என்று என் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்: "நஷ்டஈடு வாங்கினீங்களா?"

"லாரிக்காரரு அங்கயே இருபதாயிரம் குடுத்தாருங்கய்யா. எழுதிக் குடுத்துட்டோம். நம்ம மேலயும் தப்பு இருக்குல்ல?"

இதில் இரண்டு தப்புக் கணக்கு இருக்கிறது. ஒன்று உடம்பைப் பற்றியது, இன்னொன்று சட்டத்தைப் பற்றியது.

அடி எப்போது தெரியும்?

அடிபட்ட இடத்திலேயே அடியின் கனம் தெரியாது. தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று டீ குடிப்பார். சில மணி நேரம் கழித்து மயங்குவார். முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. வாரக்கணக்கில் கட்டுக்குள் இருந்த மூட்டு எவ்வளவு இறுகிப் போயிருக்கிறது என்பது கட்டைப் பிரித்த பிறகுதான் தெரியும். பிளேட் வைத்தவர்களில் சிலருக்கு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷனும் உண்டு. இதெல்லாம் தெரிவதற்கு முன்னால் ரோட்டில் நின்றுகொண்டு விலை பேசினால் எப்படி?

எலும்பு முறிந்தால் நேரே நாட்டுக் கட்டுக்குப் போகிற பழக்கம் எங்கள் ஊர்களில் உண்டு. ஒரு சித்த மருத்துவனே சொல்கிறேன்: வண்டியில் அடிபட்டால் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. பணத்துக்குப் பயந்து தயங்க வேண்டியதில்லை.

'தானா விழுந்துட்டான்'

கேஷுவாலிட்டியில் டாக்டர் முதலில் கேட்பது "எப்படி அடிபட்டது?" என்றுதான். போலீஸ், கேஸ் என்றால் நம் ஜனங்களுக்கு உதறல். கூட வந்த மாமனோ மச்சானோ "வண்டியில தானா விழுந்துட்டான் சார்" என்று சொல்லிவிடுவார். டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இதைத்தான் 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் கோர்ட்டில் முதலில் எடுத்துப் படிப்பது இந்த ஒரு வரியைத்தான்! அதற்கப்புறம் லாரி இடித்தது என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த வண்டி, நம்பர் என்ன, எந்த இடம், எத்தனை மணி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கூட்டாமல், குறைக்காமல். காயச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

தப்பு இருந்தால் எல்லாம் போச்சா?

இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில் மனு போட்டால், யார் மேல் எவ்வளவு தப்பு என்று தீர்ப்பாயம் பங்கு பிரிக்கும். உங்கள் பங்கு கால்வாசி என்றால் தொகையில் கால்வாசி கழியும். மீதி முக்கால்வாசி உங்களுக்குத்தான். கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பதும் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

சட்டத்தை மீறியதாலேயே விபத்துக்குக் காரணம் ஆகிவிட மாட்டார்கள். ஒரு பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் உயர் நீதிமன்றம் 10 சதவீதம் கழித்தது. மூன்று பேர் போனதால்தான் விபத்து நடந்தது என்று காட்டாமல் கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. (அதற்காக டிரிபிள்ஸ் போகலாம் என்று நான் சொன்னதாக வீட்டுப் பையன்களிடம் சொல்லிவிடாதீர்கள்!) இரண்டு வண்டி மோதி, பின்சீட்டில் உட்கார்ந்து வந்த அம்மாவுக்கு அடிபட்டால், இரண்டில் எந்த வண்டியின் மீது வேண்டுமானாலும் முழுத் தொகையும் கேட்கலாம். இது 2015-ல் வந்த தீர்ப்பு.

தப்பையே பார்க்காமல் பணம் தரும் வழியும் இருக்கிறது. 1956 நவம்பர் 23-ல் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தண்டவாளத்தை அரித்தது வெள்ளம். ஆனாலும் ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்ற இந்த எண்ணம் இன்றைய சாலை விபத்துச் சட்டத்திலும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள 164-ஆவது பிரிவின்படி, யார் தப்பு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கிடைக்கும். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். பல் உடைந்தாலும் அதே கணக்கு. ஆனால் இந்தத் தொகையை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். பெரிய அடி என்றால் யோசித்துத்தான் கை நீட்ட வேண்டும்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியவில்லையா? இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸில் விசாரியுங்கள்.

கால் ஒன்றுதான், விலை வேறு

டாக்டர் "ஊனம் 30 சதவீதம்" என்று எழுதினால் வருமானமும் 30 சதவீதம் போனதாக அர்த்தமில்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியது. இடது கை போனால், ஆபீஸ் குமாஸ்தாவின் வேலை தொடரலாம். டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும். 2014-ல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கு. கால் போனவருக்கு உயர் நீதிமன்றம் போட்ட 65 சதவீதத்தை, சுற்றி விற்கிற தொழில் என்பதால் 85 ஆக உயர்த்தினார்கள். ஆகவே நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், அதில் எதை இப்போது செய்ய முடியவில்லை என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். "வெங்காய மூட்டை தூக்குவேன், இப்ப குந்தி உட்கார முடியல" என்பது சாட்சிக் கூண்டில் பெரிய வார்த்தை.

கணக்கைப் பாருங்கள். வயது 38. மாத வருமானம் 12,000, அதாவது வருஷத்துக்கு 1,44,000. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 15. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம் என்றால் 6,48,000 வருகிறது. அவர் மேல் கால் பங்கு தப்பு என்றாலும் 4,86,000. சிகிச்சைச் செலவும் வலிக்கான தொகையும் இதில் சேரவில்லை. ரோட்டில் வாங்கிய இருபதாயிரத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மனு சீக்கிரம், சமரசம் நிதானமாக

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். லாரி ஆந்திராவாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டக் கோர்ட்டிலேயே போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். ஏற்கெனவே ரோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் எல்லாம் முடிந்தது என்று இருக்காமல் ஒரு தடவை அங்கே கேட்டுப் பாருங்கள். வெற்றுத்தாளில் மட்டும் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவது நல்ல வழிதான், அலைச்சல் மிச்சம். ஆனால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. போவதற்கு முன் எலும்பு டாக்டரிடம் "இன்னும் ஆபரேஷன் இருக்கா சார், மூட்டு இதுக்கு மேல மடங்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊனச் சான்றிதழும் சிகிச்சை முடிந்த பிறகு வாங்குவதே சரி. அதை என்னிடம் கேட்காதீர்கள். அது மெடிக்கல் போர்டு வேலை.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று. ஆட்டோ கூலி, ஆஸ்பத்திரியில் கூட இருந்தவருக்கான செலவு, பால், முட்டை, சூப் எல்லாவற்றுக்கும் தீர்ப்பாயம் தொகை போடும். மருந்துச் சீட்டும் ரசீதும் ஒன்று விடாமல், எங்கள் தைலம், சூரணத்துக்கு வாங்கியது உட்பட, தேதிவாரியாக ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமை மட்டும் மடிக்காமல் பீரோவுக்கு மேலே!