பழைய கணக்கைத் தோண்டுவார்களா?

2018-19-ல் பூர்வீக மனையை 20 லட்ச ரூபாய்க்கு விற்றேன். ரிட்டர்னில் காட்டவில்லை. வருமான வரித்துறை இப்போது கேட்குமா? - வாசகி, தஞ்சாவூர்

நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா, கெடு தாண்டிவிட்டது. விடுபட்ட வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவு என்றால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்த 3 ஆண்டு 3 மாதத்துக்குள் 148-வது பிரிவு நோட்டீஸ் வந்தாக வேண்டும். விற்ற ஆண்டிலிருந்து எண்ணித்தான் பலர் குழம்புகிறார்கள். உங்கள் மதிப்பீட்டு ஆண்டு 2019-20. அது முடிந்தது 2020 மார்ச் 31. ஆக, 2023 ஜூன் 30-ஐத் தாண்டி வரும் நோட்டீஸ் செல்லாது. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால்தான் 5 ஆண்டு 3 மாதம்.

வருமான வரி இணையதளத்தில் நுழைந்து, கெடுவுக்குள் அனுப்பிய நோட்டீஸ் ஏதும் கவனிக்காமல் கிடக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். புதிதாக வந்தால் ஒதுக்கிவைக்காமல், காலம் கடந்தது என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.