நன்றியை யாருக்குச் சொல்வது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய், ராத்திரி பத்து மணிக்கு ஜொகூர் அறைக்குத் திரும்பி, அதற்குப் பிறகும் கைப்பேசியில் தினம் மூன்று நன்றி எழுதுகிறாயாம். எழுதியும் மனசு ஆறவில்லை என்று அழுதாயாம். நாள் தவறாமல் முதல் வரி, "வேலை இருக்கிறதே, அதற்கு நன்றி" என்பதுதானாம். அந்த வரிதான் என்னை உறுத்துகிறது.

வேலை உனக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை, கண்ணு. காசு தராமல் மேலாளர் கூடுதல் நேரம் உட்காரவைக்கும்போது வாய் திறக்காமல் இருக்கிறாயே, அதை நன்றிக் கணக்கில் எழுதாதே. அது பயம்.

நன்றி என்றதும் எனக்கு ஒரு கோயில்தான் நினைவுக்கு வருகிறது. நம் ஊர்க் கெல்லி கோட்டைப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போயிருக்கிறேன். 1915இல் கெல்லி ஸ்மித் துரை அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். வேலைக்கு மெட்ராஸிலிருந்து நம் ஆட்களை வரவழைத்தார். விஷக்காய்ச்சலில் ஆட்கள் செத்தபோது, மிச்சமிருந்தவர்கள் கோயில் கேட்டார்கள். கட்டிக்கொடுத்தார். அதற்காக அவர் உருவத்தையும் சாமிகளோடு கோயில்மேல் வைத்தார்கள். 1926இல் துரை லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது. செய்த உதவியை நம்மவர்கள் மறக்காததில் எனக்குக் குறையில்லை. ஆனால் அங்கே வேலை செய்து காய்ச்சலில் போனவர்களில் ஒருவர் பெயராவது உனக்கோ எனக்கோ தெரியுமா? நம் நன்றி எப்போதும் அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டது.

உன் பாட்டியை எடுத்துக்கொள். ரப்பர் தோட்டத்தில், இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, நிரை முழுக்கப் பால்மரம் வெட்டி, காண்டா வாளி சுமந்து தோள் காய்த்துப்போனவர். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் காகிதம் வந்ததே தவிர, அத்தனை வருஷ உழைப்புக்கு ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரோ யார் தயவையும் எதிர்பார்த்து உட்கார்ந்தவர் இல்லை. தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று நம் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரே, அதில் பாட்டியும் 100 வெள்ளிப் பங்குக்கு மாதம் பத்து வெள்ளியாகக் கட்டினார். உன் அப்பா படித்ததும் பாட்டியின் கைக்காசில்தான்.

நீ எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. 2005இல் மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தினம் மூன்று நல்லதை, அது ஏன் நடந்தது என்ற காரணத்தோடு ஒரு வாரம் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. நீ காரணத்தை விட்டுவிடுகிறாய். "சூடான சோறு" என்று எழுதுகிறாய். உனக்கு முன்னால் வந்து சோறு வடித்து மூடிவைக்கிற உன் அறைத்தோழியை எழுதுவதில்லை. காரணத்தைத் தேடினால் ஓர் ஆள் வந்து நிற்பார். அவரிடம் போய்ச் சொல். உன் அப்பாவை ஆயாக் கொட்டகையில் தூக்கி வளர்த்த ஆயா இன்னும் பூசிங்கில்தான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே.

இப்போதைய சிங்கப்பூர் வேலையா, ஈப்போவில் கிடைத்திருக்கும் வேலையா என்பது உன் முடிவு. நான் தலையிடமாட்டேன். ஈப்போவில் சம்பளம் குறைவுதான். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், மழையில் பாலத்தில் மோட்டார் ஓட்டவேண்டாம், உன் அம்மாவும் கண்ணை மூடித் தூங்குவாள். இந்த மாதக் கடைசிக்குள் ஈப்போக்காரர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நீ எங்கள் தங்கம்தான். உன்னைப் போல் பொறுப்பான பிள்ளை நம் குடும்பத்திலேயே இல்லை. நீ சரியாகத்தான் செய்வாய், எனக்குத் தெரியும். லீவு கிடைத்ததும் கோலாலம்பூர் வந்து ரயில் ஏறு. பத்து காஜா ஸ்டேஷனில் மாமா வந்து நிற்பார். முறுக்கு சுட்டு டின்னில் போட்டு வைத்திருக்கிறேன், உனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பாலும் செய்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், என் ராசாத்தி.

உன் அத்தை,
பத்து காஜா