முற்றும் நெல்லைத் தொடரும் வண்டிகள்



மலேசியாவின் லாபிஸ் வட்டாரத்தில் அறுவடை என்றாலே செம்பனைக் குலை வெட்டுவதுதான் நினைவுக்கு வரும் என்பதால், நெல் அறுப்போர் ஊர் ஊராக அலைவதன் காரணத்தையும் செம்பனைத் தோட்டங்களிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். செம்பனை ஆண்டு முழுவதும் காய்க்கிறது. ஒரே நிரைக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை திரும்பிவர வேண்டியிருப்பதாலும், வெட்டிய குலை தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடுவதாலும், வெட்டுபவர் தோட்டத்தை விட்டு நகர முடிவதில்லை. நெல்லோ ஒரு வட்டாரம் முழுவதும் சில வாரங்களுக்குள் முற்றிவிடுகிறது. அதற்குப் பின் அங்கே அறுக்க ஒன்றும் இராது.

கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, மணியை மட்டும் தொட்டியில் சேர்க்கும் அறுவடை இயந்திரம் விலை மிகுந்தது. ஒரே ஊரில் நின்றால் கடன் தவணை கட்ட இயலாது. ஆகவே தமிழகத்தின் காவிரிப் படுகையில் செப்டம்பர், அக்டோபரில் குறுவைப் பருவ நெல்லும், ஜனவரி, பிப்ரவரியில் சம்பாப் பருவ நெல்லும் அறுவடைக்கு வரும்போது, சேலம், பெரம்பலூர், கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து வண்டிகள் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களை நோக்கிப் புறப்படுகின்றன. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி போதும். சேறு நிற்கும் வயலில் புதையாமல் செல்லப் பட்டை பூட்டிய பெல்ட் வண்டி வேண்டும், அதற்கு வாடகையும் கூடுதல். ஓட்டுநரும் உதவியாளரும் வண்டியோடு தங்க, எந்த வயல் முதலில் என்பதை உள்ளூர்த் தரகர் தீர்மானிக்கிறார். குழுவின் உண்மையான மேலாளர் அவரே என்று சொன்னாலும் தவறில்லை.

பனி உலராத கதிர் இயந்திரத்தில் சிக்கும் என்பதால் வேலை முற்பகலில் தொடங்கி, விளக்கொளியில் இரவுவரை நீள்வதுண்டு. அரசின் நேரடி கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. எனவே ஒவ்வொரு விவசாயியும் தம் வயலுக்கு வெயில் நேரத்திலேயே வண்டி வர வேண்டுமென விரும்புகிறார், எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. வாடகை மணிக்கணக்கில் அமைவதால், மழையில் சாய்ந்த பயிரை மெதுவாக அறுக்கும் கூடுதல் நேரத்துக்கு விவசாயி பணம் கொடுக்கிறார்; மழையால் வண்டி நின்றுபோகும் நாட்களின் இழப்பைக் குழு சுமக்கிறது. ஒரே மழை இருவரையும் வெவ்வேறு விதமாகத் தண்டிப்பதால்தான் களத்து மேட்டில் சச்சரவு ஓய்வதில்லை.

இவ்வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1944இல், போர்க்கால ஆள் பற்றாக்குறையின்போது, மாசி ஹாரிஸ் நிறுவனத்தின் 500 இயந்திரங்கள் அமெரிக்கச் சமவெளியில் கோதுமை முற்றும் வரிசைப்படி தெற்கிலிருந்து வடக்கே சென்றன.

மலேசியாவில் இவ்வழக்கத்தைக் காணக்கூடிய இடம் கெடா மாநிலம். 1970இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் இருபோக சாகுபடிக்கு வழிவகுத்தபோது, கிளந்தானிலிருந்தும் தென் தாய்லாந்திலிருந்தும் அறுப்பாட்கள் கூட்டமாக வந்தனர். எனவே அறுப்போர் பயணம் செய்யும் வழக்கத்தை இயந்திரம் உண்டாக்கியது என்று கருதுவது பிழை. அரிவாளோடு வந்த கூட்டத்தின் இடத்தில் வண்டியோடு வரும் கூட்டத்தை அது அமர்த்தியது. 1978 முதல் 1980 வரை அங்குள்ள ஒரு சிற்றூரில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட், 1985இல் வெளியிட்ட நூலில், இயந்திரம் யாருடைய வருவாயைப் பறித்தது என்பதை விரிவாகக் காட்டுகிறார்: நிலமற்ற ஏழைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அறுப்புக் கூலி பெருமளவு நின்றுபோயிற்று. இயந்திரம் அமர்த்தும் நிலத்தில் நாற்று நடுவதில்லை என்று நடவுப் பெண்கள் சிலர் மறைமுகமாக மறுத்துப் பார்த்தனர்; வெளியூர் நடவாட்களைக் கொண்டுவர நில உடைமையாளர்கள் முற்பட்டதும் அம்முயற்சி தளர்ந்துபோயிற்று.