எட்டிப் பார்க்கும் ஒளி

வளைந்து விழும் நீர்த்தாரையோடு ஒளியும் வளைந்து செல்லுமா? செல்லும் என்பதை 1841ஆம் ஆண்டு, ஜெனீவா நகரில் டேனியல் கொலாடன் என்னும் அறிவியலாளர் செய்து காட்டினார். நீருக்குள் புகுந்த ஒளி, அதன் விளிம்பில் பட்டு மீண்டும் மீண்டும் உள்ளேயே திரும்பியது. இதனை முழு அக எதிரொளிப்பு என்பர். கடலடியில் இணையத் தகவல்களைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழைகளும் இம்முறையில்தான் இயங்குகின்றன.

இன்று அந்த ஒளிப்பாதை ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டது. கண்ணாடி போன்ற தளத்தின்மீது, சிலிக்கனால் மெல்லிய வரி ஒன்றை அமைக்கின்றனர். இதற்கு அலைவழி என்று பெயர். இதன் அகலம் ஏறத்தாழ 500 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இதனுள் செல்வது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியாகும். சிலிக்கனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.5, தளத்தின் எண் ஏறத்தாழ 1.45. இப்பெரிய வேறுபாட்டால், ஒளி கூர்மையான வளைவுகளிலும் பாதையை விட்டு விலகுவதில்லை. சிங்கப்பூரிலுள்ள நுண்மின்னணுவியல் கழகம் போன்ற ஆய்வு நிலையங்களில் இத்தகைய சில்லுகள் உருவாக்கப்படுகின்றன.

ஆயினும், ஒளி முழுமையாக அடங்கிவிடுவதில்லை. அதன் சிறு பகுதி அலைவழிக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. சில நூறு நானோமீட்டர் தொலைவுக்குள் மங்கிவிடுகிறது. அலைவழியின் பரப்பு சொரசொரப்பாக இருந்தால், அங்கே ஒளி சிதறி வீணாகும். எனவே, தகவல் அனுப்புவோருக்கு இது தொல்லை. உணரிகளை வடிவமைப்போருக்கோ இதுவே கண்.

அலைவழியை வளையமாக அமைத்தால், குறிப்பிட்ட சில அலைநீளங்கள் மட்டுமே அதனுள் சுற்றிச் சுற்றி வலுப்பெறும். நோய்க்கிருமியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை வளையத்தின்மீது பூசுவர். பின்னர், நோயாளியின் குருதி மாதிரியை அதன்மேல் செலுத்துவர். புரதம் வந்து ஒட்டியதும், எட்டிப் பார்க்கும் ஒளி அதனை உணர்கிறது. வலுப்பெறும் அலைநீளம் சற்றே நகர்கிறது. அந்த நகர்வை அளந்தால், புரதத்தின் அளவை அறியலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெப்பநிலை சிறிது கூடினாலும் அலைநீளம் நகரும். அதை மட்டும் நம்பினால், நோயற்றவரையும் நோயாளி என்று கூறிவிட நேரும். ஆகவே, அருகில் எதிர்ப்பொருள் பூசாமல் மூடப்பட்ட இன்னொரு வளையத்தையும் அமைப்பர். இரண்டும் ஒரே அளவு நகர்ந்தால், அது வெப்பத்தின் விளைவு. முதல் வளையம் மட்டும் கூடுதலாக நகர்ந்தால், அது புரதத்தின் விளைவு.

ஒரு துறையில் தொல்லையாக இருப்பது மற்றொரு துறையில் கருவியாகலாம். ஆனால், ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே அக்கருவி சொல்வதை நம்பலாம்.

சிந்தித்து விடையளி

1. எட்டிப் பார்க்கும் ஒளி யாருக்குத் தொல்லை? யாருக்குப் பயன்? ஏன்?
2. இரண்டாவது வளையம் இல்லாவிட்டால் என்ன நேரக்கூடும்?