நாட்டு முட்டையா, பண்ணை முட்டையா?

குழந்தைக்கு முட்டை கொடுக்கப் போகிறேன், எதை வாங்கட்டும் அக்கா என்று நேற்று கேட்டாயே, போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் அந்தப் பயத்தை விடு. நாமக்கல் பண்ணை முட்டையில் சத்தே இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. அதில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. நாட்டு முட்டை அளவில் சிறியது என்பதால் அதில் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. மஞ்சள் கருவின் நிறம் தீனியால் வருவது. கீரை, மக்காச்சோளம் தின்றாலும் ஏறும், பண்ணைத் தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு கலந்தாலும் ஏறும். நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே.

கையில் காசு இழுபறியாக இருக்கிற மாதம் பண்ணை முட்டையே வாங்கு, குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் எனக்கு மனசு உறுத்துகிற இடம் வேறு. பண்ணைக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது 450 முதல் 550 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாள்கூட 620 வரும். அந்த இடத்தில் சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. மேய்கிற கோழியின் முட்டைக்கு நான் இரண்டு மடங்கு விலை கொடுப்பது இதற்காகத்தான்.

அந்தக் காசு ஏமாந்து போகாமல் இருக்க ஒரு கணக்கு வைத்துக்கொள். பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். நாட்டுக்கோழி 60, 70 இட்டால் அதிகம். ஓர் ஈடு முடிந்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆகவே தினமும் 100 நாட்டு முட்டை விற்க வேண்டுமென்றால் 500 கோழியாவது வேண்டும். தெருமுனைக் கடையில் நாள் தவறாமல் அட்டை அட்டையாக அடுக்கியிருந்தால் யோசி. வெள்ளை முட்டைக்கு டீத்தூள் சாயம் ஏற்றி விற்பவர்களும் உண்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் வேண்டாம்.

ஆர்கானிக் என்று டப்பாவில் எழுதியிருப்பது மட்டும் போதாது. அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா பார். தீவனமும் மருந்தும் விதிப்படி இருந்ததற்கு அதுதான் அடையாளம். 'ஃபார்ம் ஃபிரெஷ்' என்ற சொல் கோழி எப்படி வளர்ந்தது என்று எதுவும் சொல்லாது.

எந்த முட்டையானாலும் சமைக்கும் முன் தண்ணீரில் போட்டுப் பார். படுத்தால் புதுசு, நின்றால் பழசு, மிதந்தால் கொட்டிவிடு. கழுவி அடுக்காதே, ஓட்டின் மேலிருக்கும் காப்பு போய்விடும். சேவலோடு மேய்ந்த கோழியின் முட்டையில் கரு இருக்கலாம். சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் வளர ஆரம்பித்துவிடும், உடனே ஃபிரிட்ஜில் வை. குழந்தைக்கு நன்றாக வேகவைத்தே கொடு.

நம் ஊர்ச் சந்தைக்குக் கூடையோடு ஓர் அம்மா வருவார். பாதி வாரம், "கோழி அடையில கிடக்கு கண்ணு, முட்டை இல்ல" என்றுதான் சொல்வார். நான் வாங்குவது அவரிடம்தான்.